இரண்டு கையால் ஒரு சீட்டு மேசை

மெர்ட்டன் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளிடம் போய்ச் சேர்ந்தபோது, கூடவே வியாழக்கிழமைச் சீட்டாட்டமும் போய்விடும் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் வீட்டுச் சமையலறையில்தான் ஆட்டம். மிச்சமிருந்தவர்கள் நாலு பேர்: ராய்ஸ், அவன் தம்பி எல்டன், பால் பண்ணையை மூடிவிட்ட வெர்லின், ஹார்லன். ராய்ஸ் வீட்டில் அவன் மனைவிக்குச் சீட்டு ஆகாது. வெர்லின் வீட்டில் பேரப்பிள்ளைகள். கடைசி ஆட்டத்தன்று எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றபோது, அதிகம் பேசாத ஹார்லன், "என் கராஜுல வெச்சுக்கலாம். மேசை பண்ணிடறேன்" என்றான். தான் சொன்னதைக் கேட்டு அவனுக்கே ஆச்சரியம்.

ஹார்லன் மாவட்டச் சாலையில் இருபத்தேழு வருஷம் பனி அள்ளும் லாரி ஓட்டியவன். மற்றவர்கள் எழுவதற்குள் அவர்களுடைய சாலையைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடுகிற வேலை. அவன் வந்து போனதற்கு அடையாளம், அங்கே எதுவும் இல்லாமல் இருப்பதுதான். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் ஒரு நாள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. அது வியாழக்கிழமை. அவன் வீட்டுச் சமையலறையில் இருந்தது ஒரே நாற்காலி.

மேசை என்று எதையும் அவன் அதுவரை செய்ததில்லை. காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜனவரியில் ஆரம்பித்தான். பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி. இரண்டு முனையிலிருந்தும் இரண்டடி உள்ளே ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் இரண்டு பக்கமும் அரைவட்டம் போட்டு அறுத்தான். மேலே மெல்லிய ஃபோம், அதன்மேல் பச்சைத் துணி. ஓரத்தில் கை ஊன்றிக்கொள்ள, ஃபோம் வைத்து ரெக்சின் போர்த்திய திண்டு வர வேண்டும். தொலைக்காட்சிப் போட்டிகளில் வருகிற மேசைக்கு அப்படித்தான் இருக்கும். துணி வரைக்கும் நன்றாகவே வந்தது. தனக்கென்றால் மனிதன் ஒரு பலகைத் துண்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிடுவான். மேசை என்றாலே எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையை அவன் வாரக்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ரெக்சின் வாங்கப் போன கடையில் வெர்லினைப் பார்த்தான். சாவி ஒன்றுக்கு நகல் வெட்டக் கொடுத்துவிட்டு வெர்லின் நின்றுகொண்டிருந்தான். அவன் ஹார்லன் கையிலிருந்த ரெக்சின் சுருளைத் தடவிப் பார்த்தான்.

"இதை ஒருத்தன் இழுத்துப் பிடிக்கணும், ஒருத்தன் ஸ்டேப்ளர்ல பின் அடிக்கணும். நாலு கை வேலைப்பா. நான் வரட்டா?"

"வேணாம்ப்பா. நானே பாத்துக்கறேன்."

"நாளைக்கு நான் சும்மாதான் இருக்கேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்."

அந்த ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால் அரைக் கோப்பை போதும் என்பார்கள். முதல் தடவையே சரி என்கிறவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவை கேட்காதவன் உண்மையில் கொடுக்க விரும்பாதவன். ஹார்லன் மூன்றாம் தடவைக்காகச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்போது பார்த்து சாவி வெட்டுகிறவன் கூப்பிட்டான். வெர்லின் போய்ச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வாரக் கடைசியில் குளிர் இன்னும் கூடும் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை ஹார்லன் அங்கேயே நின்றான்.

மறுநாள் தனியாக இழுத்தான். ரெக்சினை ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கி, திண்டைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலால் அழுத்தி, இடது கையில் இடுக்கியால் இழுத்து, வலது கையால் பின் அடித்தான். இழுக்கிற கை தளரும்போது அடிக்கிற கை பிசகியது. எதிரெதிராக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு முனையில் ஆரம்பித்து வரிசையாகச் சுற்றி வந்தான். வழியெல்லாம் மிஞ்சிய ரெக்சின் அவனோடு நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசி வளைவில் பெரிய மடிப்பாகத் திரண்டு நின்றது. மூன்று மணி நேர வேலை, இருநூறு பின்னுக்கு மேல். தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். வெளியே சாலையில் பனி லாரி போனது. இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

மடிப்பு இருக்கும் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்தான்.

மார்ச் முதல் வியாழன் மாலை மூவரும் வந்தார்கள். சர்ச்சில் கேட்டு வாங்கி வந்த எட்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தான். மான்கறி சாசேஜை வெட்டி, பிஸ்கட்டோடு தட்டில் அடுக்கியிருந்தான். ராய்ஸ் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"ஏரி உருகினதும் இதையே படகா வெச்சு மீன் பிடிக்கப் போலாம் போலருக்கே. எட்டு பேருக்குப் பண்ணியிருக்கே, நாம நாலு பேருதானப்பா?"

"பிளைவுட் அந்த அளவுலதான் வருது" என்றான் ஹார்லன்.

மேசையை அழகு என்று சொல்ல முடியாது. ஆடாமல் நின்றது. முதல் மேசைக்கு அது போதும். ஆனால் வெர்லினுக்கு இடுப்பு வலி. ஹீட்டர் பக்கத்து நாற்காலியை யாரையும் கேட்காமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மடிப்பு அங்கேதான் இருந்தது. ஹார்லன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

மெர்ட்டன் சமையலறையில் முழங்கை முழங்கையில் இடிக்கும். இங்கே சீட்டை எழுந்து நின்று தள்ள வேண்டியிருந்தது. எல்டனுக்குக் காது மந்தம். பந்தயத்தை இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. ஆளுக்கு நடுவே காலி நாற்காலி. வெர்லினுடைய கட்டைவிரல் மடிப்பின்மேல் போவதும் வருவதுமாக இருந்ததை ஹார்லன் பார்த்துக்கொண்டே, கையில் நல்ல சீட்டு இருந்தும் இரண்டு முறை தோற்றான்.

ஒன்பது மணிக்கு ராய்ஸ் எழுந்தான். அடுத்த வியாழன் பற்றிப் பார்க்கலாம் என்றான். அந்த ஊரில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அண்ணனும் தம்பியும் போனார்கள். வெர்லின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"தனியாவா இழுத்தே?"

"ஆமா."

"நான்தான் கேட்டேனேப்பா."

"ரெண்டு தடவை கேட்டே."

வெர்லின் பொத்தான்மேல் கையை வைத்தபடி யோசித்தான். முகம் மெதுவாக மாறியது.

"அந்தச் சாவிக்காரன் கூப்பிட்டான்ல. அதுல எண்ணிக்கை விட்டுப்போச்சு." பொத்தானைப் போட்டு முடித்து, "உனக்கு நான் வர்றது பிடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றான்.

ஹார்லன் தட்டில் மிஞ்சிய பிஸ்கட்டைப் பார்த்தான்.

"இதைப் பிரிச்சு மறுபடி இழுக்கலாம்" என்றான் வெர்லின். "மேசையையும் ரெண்டடி குறைச்சிரலாம், எல்டன் காதுக்கு எட்டற மாதிரி. ராய்ஸ வர வைக்கிறது என் பாடு. சனிக்கிழமை வரட்டா?"

'வேணாம்ப்பா' என்ற சொல் ஹார்லன் நாக்கில் வந்து நின்றது. அறுபத்தெட்டு வருஷமாக அது தானாக வெளியே வந்துகொண்டிருக்கிற சொல்.

"ஒன்பது மணிக்கு வா" என்றான்.

வெர்லின் திகைத்துப்போனான். கேட்பதற்கு இன்னும் இரண்டு தடவை அவனிடம் தயாராக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஹார்லன் நாலு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குனிந்து, முதல் பின்னின் அடியில் நுழைத்தான். சனிக்கிழமைக்குள் அவனே எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம். இரண்டு கை போதும். நுழைத்ததை வெளியே எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டு, ஹீட்டரை அணைத்தான்.