அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

கல்லூரிச் சம்பளத்தை நானே கட்டினேன். கோடை விடுமுறை முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்த கூலி அது. "ஒரு வருசந்தான்டா. பெயிலாயிட்டினா தறியில வந்து குந்திக்க" என்று அப்பா முன்னமே சொல்லிவிட்டார்.

அதனால் வகுப்பில் ஒரு சொல் விடமாட்டேன். இயற்பியல் வாத்தியார் பழுப்பேறிய நோட்டைத் திறந்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. படிக்கத் தெரியாத அப்பா, புடவையை விரித்துப் பிசிறு தேடுகிற மாதிரி பக்கம் பக்கமாகத் திருப்பி, "சுத்தமா கீதுடா" என்பார். அதுதான் படிப்பு என்று நானும் நம்பினேன். தறியில் அப்படித்தானே? மேலே பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சுற்றும். மிதிகட்டையை அழுத்தினால் புடவையில் அன்னம் தானாக விழும். அது எப்படி வந்தது என்று நெய்கிறவன் கேட்பதில்லை.

அரையாண்டுத் தேர்வில், நோட்டில் இருந்த கணக்கையே கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக வாத்தியார் அறைக்குப் போனேன். "சம்பளம் கட்டியிருக்கேன் சார். நீங்க சொன்னதுல ஒரு எழுத்து விடல. நான் எப்படி பெயிலாவேன்?"

அவர் என் நோட்டைப் புரட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கே. புரியலைன்னு என்னிக்காவது கேட்டியா?"

என்ன திமிர்! வாசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் என்னைக் கேட்கிறார். அந்தக் கோபம் இன்றும் போகவில்லை. ஆனால் வீடு வரைக்கும் நான் திட்டிக்கொண்டு வந்தது என்னைத்தான். சரிகை வாங்கினால் கல்லில் உரைத்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விடாத குடும்பம் எங்களுடையது. ஒரு கோடைக் கூலியைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் ஒரு கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன், மடையன்.

மறுநாள் முதல் வரியிலேயே எழுந்தேன். "புரியல சார்."

அதே வரியை மறுபடி வாசித்தார்.

"இப்பவும் புரியல சார்."

வகுப்பு சிரித்தது. நான் உட்காரவில்லை. அவர் என்னை முறைத்தார், நோட்டை மூடினார், கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு சாக்பீஸ்கூட இல்லை.

கடைத்தெருவுக்கு ஓடி, என் காசில் ஒரு டப்பா வாங்கி வந்து அவர் மேசைமேல் வைத்தேன். வருடக் கடைசியில் நான் பாஸானபோது டப்பா காலியாக இருந்தது.