ஊமைப் படத்துக்கு வாய் வந்த நாள்

லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர், பதினோரு வருஷமாகத் தன் வீட்டு நடப்பைத் தினமும் பத்து விநாடி படம் பிடித்துவந்தார். கேமரா பழசு, சத்தம் பதியாது. புதுமாதிரிப் படம் எடுக்கும் நண்பர்கள் பழைய அச்சகக் கூடம் ஒன்றில் அதைத் திரையிட்டார்கள். முதன்முறையாகப் பார்க்க வந்த மனைவிக்குப் பாதிக்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"ஐயையோ, இது பால் பொங்கி வழிஞ்ச அன்னைக்கு எடுத்தது! அடுப்பை அணைக்காம படம் பிடிச்சிட்டு நின்னாரு இந்த மனுஷன்!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. கணவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறுத்தாதீங்க அக்கா, சொல்லுங்க" என்றார்கள் நண்பர்கள். படம் முடியும்வரை அக்கா நிறுத்தவில்லை. தன் படத்தைப் பார்த்துக் கணவரே வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த திரையிடலுக்கு அழைப்பு மனைவியின் பெயருக்கே வந்தது.

"நீங்களும் வாங்க" என்றார் மனைவி, கணவரிடம். "மெஷினை ஓட்ட ஆள் வேணுமே."