பதினொன்று அல்ல, பதினான்கு

சானமாவுக் காட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கு மேலே ஒரு குன்று. அதில் பழங்காலத்து ஈமக் கல்லறைகள் இருக்கின்றன. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒன்றைப் போட்டு மூடியவை. பாண்டவர் வீடு என்போம். அங்கே இப்போது ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது: மொத்தம் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமையானால் ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பைக்கில் வந்து அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவராவது எண்ணிப் பார்த்ததில்லை. திருத்தச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன். நான்குக்கும் பதில் இல்லை. அவை பதினான்கு. ஒன்பது வயதில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியவன் நான்.

அந்த வருடம் மழை ஓய்ந்தபின் ஏறிப் பார்த்தால் மூன்று இடங்களில் வெறும் குழி. யானை தள்ளிவிட்டது என்றது ஊர். ஆனால் அந்தக் கற்கள் ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடும் பள்ளத்தின்மேல் பாலமாகக் கிடந்தன. மாடு பூட்டி இழுத்து வந்து, இரு கரையிலும் கல் அடுக்கி அவற்றைப் போட்டவர் என் தாய்மாமன். அதே இடத்தில் ஏற்கெனவே பாலம் கட்டி முடித்தாயிற்று என்றது அரசாங்கக் காகிதம். பாலம் கேட்டு ஊர் கொடுத்த மனு அந்தப் பதிலோடுதான் திரும்பியிருந்தது.

கல்லறைகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். குழிகளைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"யானைங்க சார். தள்ளி உட்டுருச்சு," என்றார் மாமா.

"தள்ளுனா கல்லு இங்கயேதான கெடக்கணும்? தூக்கிக்கிட்டா போச்சு?" என்றேன்.

"டேய் கணக்கப்புள்ள, யானைகிட்டயே போயி கேளுடா."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கல்லறையின் முகப்புக் கல்லில் ஒரு வட்டத் துளை இருக்கும். பாலத்தின் நடுக்கல்லில் மண் அடைத்துக் கிடந்த அந்தத் துளையை விரலால் தோண்டிக் காட்டினேன்.

பின்னாலேயே ஓடி வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். "பாலத்தப் பேத்துருவாங்க, கல்லு போட்டவனையும் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அதிகாரி துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் பாலம் இல்லாதப்ப மழைக்காலத்துல எப்படிப் போவீங்க?" என்று கேட்டார்.

குடத்தோடு நின்ற அம்மாதான் சொன்னாள்.

"போகலீங்க. ஐப்பசியில எனக்கு வலி எடுத்து வண்டியில ஏத்துனாங்க. பள்ளத்துல வெள்ளம். வண்டி இந்தப் பக்கமே நின்னுருச்சு. புள்ள உசுரோட பொறக்கல."

அதிகாரி நோட்டில் பதினொன்று என்று எழுதி மூடினார். ஜீப் பாலத்தின்மேல் ஏறிப் போய்விட்டது.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. கல்லைப் பற்றிக் கேட்டால் கல்லைப் பற்றி அல்லவா சொல்ல வேண்டும்? நடுவில் எதற்குப் பிள்ளைப் பேச்சு? பதினொன்றோடு மூன்றைக் கூட்டிச் சொல்ல வந்த கணக்கைக் கெடுத்துவிட்டாள் என்று மூன்று நாள் அம்மாவோடு நான் பேசவே இல்லை.