ஈரச் சாரத்தின் நிறை

போர்க்காலத்தில் மன்னார்த் தீவின் ஒரு மருத்துவமனையில், மனநோயாளர் விடுதியில் ஆண் தாதியாக இருந்தேன். ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்ட பதினான்கு பேரைக் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் நிறுப்பது என் வேலை.

நாள்பட்ட மனநோய் உள்ளவர்களில் சிலர் அளவில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள். இரத்தத்தில் உப்புக் குறையும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். சோற்றால் ஒரே பகலில் நிறை அவ்வளவு ஏறாது. காலையைவிட இரண்டரைக் கிலோ கூடினால் ஆளைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல், உடனே தனக்குச் சொல்லும்படி டாக்டர் உத்தரவிட்டிருந்தார்.

எங்களுக்குக் கவலை தந்தவர் முள்ளிக்குளத்து மீனவர் ஒருவர். நெஞ்சுக்குள் நெருப்பு எரிகிறது, அணை என்று ஒரு குரல் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. உப்புக் கதையைச் சொன்னால் சிரிப்பார்.

"முப்பது வருசம் கடலில கிடந்தனான், தம்பி. எனக்கோ உப்புக் குறையும்?"

நிறுத்த பிறகுதான் குளிப்பு என்பது ஒழுங்கு. அதை நான் மாற்றினேன். நான் வீட்டுக்குப் போகும் நாலரை பஸ்ஸை விட்டால் சோதனைச் சாவடி மூடிவிடும். எல்லோரையும் முதலில் கிணற்றடிக்கு அனுப்பி, இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு வரிசையாக நிறுக்கும் மெசினில் ஏற்றுவேன். சாரத்துக்கு ஒரு கிலோ கழித்து எழுதுவேன்.

அன்று காலை மீனவர் ஐம்பத்திரண்டு கிலோ. பிற்பகல் முள் ஐம்பத்தாறில் நின்றது.

குசினியில் இருந்து சமையற்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணை இண்டைக்குக் கிணத்தையே குடிச்சிட்டார். நான் என்னத்தில சோறு காய்ச்சிறது?"

"தண்ணி குறைஞ்சால் நல்லது," என்றார் மீனவர். "அப்பவாவது உன்ர கஞ்சி சோறாகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி நாலே கால் தாண்டியிருந்தது. ஒரு கிலோ கழித்தாலும் ஐம்பத்தைந்து. டாக்டரைத் தேட வேண்டும், அவர் வரும்வரை காவல் இருக்க வேண்டும். இரண்டு கிலோ கழித்தேன். ஐம்பத்துநான்கு என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பொழுதுபட வலிப்பு வந்ததாம். டாக்டர் வந்து சேருமுன் மீனவரின் உயிர் போய்விட்டது. மறுநாள் அவர் பதிவேட்டைப் பார்த்து, "ஐம்பத்திநாலுக்கு இப்பிடி வராதே?" என்றார்.

"மெசின் பழசு, டாக்டர்," என்றேன்.

பிறகு ஒருநாள் ஈரச் சாரத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோகூட இல்லை.

மீனவருடைய தமக்கை இராணுவத்திடம் பாஸ் எடுத்து வர மூன்று நாளாயிற்று. அதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தோம். விடுதி வாசலில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசி நேரம் ஒரு மிடறு தண்ணியாவது குடுத்தனீங்களோ, தம்பி?"

அந்த நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன்.

"ஓம் அக்கா, குடுத்தனான்," என்றேன்.

"நீங்கள் நல்லா இருக்கோணும்," என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.