திருச்சி கிட்டத்தில்தான்

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவைக் குழந்தையோடு திருச்சிக்குப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. ரயிலில் தலைமன்னார், அப்புறம் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில் என்று போனால் கைப்பிள்ளை தாங்காது என்று அக்கா வீட்டுக்காரர் விமானத்தில் ஏற்பாடு செய்துவிட்டார். இரத்மலானை விமான நிலையத்திலிருந்து முந்நூறு மைல்கூட இல்லையாம், இரண்டு மணி நேரப் பயணமாம். குளிர் மலைநாட்டில், லிந்துலை பஸாரில் எங்கள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதைத்தான் சொன்னார்.

எனக்கோ கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். அத்தனை கனம் எப்படி ஆகாயத்தில் நிற்கும் என்று யாரைக் கேட்பது? அதைவிடப் பெரிய பயம் வேறு. என் மடியிலேயே தூங்கிப் பழகிய பிள்ளை அது. போனால் திரும்ப எப்போது வரும்?

பயணம் என்றால் அம்மாவுக்குக் கட்டுச்சோறு. புளிச்சோறும் இட்லியும் மூன்று வேளைக்குக் கட்டினாள்.

“ஏம்மா, பொட்டலத்தப் பிரிக்கிறதுக்குள்ள திருச்சி வந்துரும்” என்று அக்கா சிரித்தாள்.

“நடுவுல எங்கயாச்சும் நின்னுபோச்சுன்னா?”

“கடலுக்கு மேல நின்னுபோச்சுன்னா சோறு எதுக்கும்மா?”

“வாயக் கழுவுடி!”

நான் அப்போதே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

இரத்மலானையில், தோளில் பிள்ளையும் கையில் பையுமாக நின்ற அக்கா, “நீங்களே சாப்புடுங்கம்மா” என்று பொட்டலத்தை எங்களிடமே விட்டுவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். விமானம் கொக்கு அளவாகி மேகத்துக்குள் போன பிறகும் அம்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கோட்டை ஸ்டேஷனில் ஊருக்கு ரயில் ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மலையேறத் திணறியபோது அப்பா சொன்னார்: “ஒம் மக இந்நேரம் மாமியா வீட்டுல தின்னுட்டுத் தூங்கியிருப்பா. நாமதான் இன்னும் அட்டன் வந்து சேரல.”

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

சேர்ந்துவிட்டதாக மறுநாள் தந்தி வந்தது. “இம்புட்டுக் கிட்டத்துல இருக்கா, நெனச்சா வந்துட்டுப் போவா” என்றார் அப்பா. நானும் நம்பினேன். பிள்ளையின் துணிகளில் ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தேன். பால் வாடை போகும்வரை அதை முகர்ந்துகொண்டே இருந்தேன்.

அக்கா மறுபடி உண்டானபோது அனுப்பச் சொல்லி அப்பா எழுதினார். முதல் பிரசவம்தான் தாய்வீட்டுக்கு, இது இங்கேதான் என்று புகுந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிறகு பாஸ்போர்ட், விசா என்று சட்டங்கள் வேறு இறுகின. என் மடியில் தூங்கிய பிள்ளை அங்கே நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போனது.

கோயிலில் பெண்கள் அம்மாவை நிறுத்திக் கேட்பார்கள். “ஏக்கா, ரெண்டு மணி நேரந்தானே? மக வந்துட்டுப் போனாளா?”

“பிள்ளைக்கு இந்தக் குளிரு ஆகாதுன்னு பாக்குறா” என்பாள் அம்மா.