செல்வம் அவித்த இரட்டை நெல்

1999, பொங்கல் கழிந்த வாரம். காலை ஏழு மணிக்கு வேலூரில் ஆரணி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தியபோதுகூட இறங்கவில்லை. எப்போது போய்ச் சேருவோம் என்று இருந்தது.

நெல் பூவை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு பூவில் மகரந்தத்தாள்கள் ஆறு, சூல்பை ஒன்று. அதனால்தான் ஓர் உமிக்குள் ஓர் அரிசி. இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருப்பவை மரபணுக்கள். அவற்றில் ஒன்று தடம் மாறினால் ஒரே பூவில் இரண்டு சூல்பை வந்துவிடும். நான் ஆராய்வது இதைத்தான்.

அதற்கு முந்தின மாதம் வேலூரில் நடந்த உழவர் கூட்டத்தில் ஆரணி விவசாயி ஏழுமலை என்னிடம் ஒரு நெல்லை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் வயலில் ஒரே ஒரு தூரில் மட்டும் எல்லாக் கதிரும் இப்படியாம். விளைச்சல் இரண்டு மடங்காகுமா என்று கேட்டார். ஒருவர் சோற்றை இருவர் பங்கிட்டதாகவும் முடியலாம், விதைத்துப் பூக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். வாய்தான் அப்படி அடக்கமாகப் பேசியது. மனசு அப்போதே அந்த நெல்லை விதைத்து முடித்திருந்தது. கதிரைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டேமுக்காலுக்கு ஆரணி. ஏழுமலை மொபெட்டோடு நின்றிருந்தார். வழியில் ஒரு தெரு நெடுகத் தறிக்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். இழையில் உரசாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். வீட்டில் எலித் தொல்லையாம். அதனால் களம்பூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் மச்சான் செல்வத்திடம் கதிரைக் கொடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல யோசனை என்று பாராட்டினேன்.

பத்து மணிக்குக் களம்பூர். லாரி வரிசையைத் தாண்டும்போதே அவித்த நெல்லின் வாடை வந்தது. செல்வம் கைகால் கழுவி, சட்டை மாற்றி, எவர்சில்வர் தட்டு ஒன்றை வெள்ளைத் துண்டால் மூடி எடுத்துவந்தார். துண்டை விலக்கினால், ஜோடி ஜோடியாக அடுக்கிய அரிசி.

“பச்சையா உமி எடுத்தா ஒடஞ்சிடும் மேடம். அதான் ஊறவச்சி, அவிச்சி, நெழல்ல காயவச்சி, கையாலயே உரிச்சேன். ஒண்ணுகூட ஒடையல.”

ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

“எல்லாத்தையுமா?” என்றார் மெல்ல.

“பின்ன? மொளைக்காதுன்னு எனக்குத் தெரியாதா மாமா? மேடம் என்ன நாத்து வுடவா போறாங்க, மிஷின்ல வச்சிப் பாக்கத்தான கேட்டாங்க?”

நான் வாயைத் திறக்குமுன் ஏழுமலை முந்திக்கொண்டார். “ஆமாம்பா. மிஷின்லதான்.”

அவ்வளவு நேர்த்தியான வேலையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நன்றாக உரித்திருக்கிறீர்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. பக்கத்துத் தூர்களில் அதே குணம் வெளியே தெரியாமல் மறைந்திருக்கலாம். அந்த நெல் கிடைத்தால் அடுத்த தலைமுறையில் இரட்டை அரிசி தலைகாட்டும். ஏழுமலையிடம் கேட்டேன். அரசு விதை டிப்போவில் வாங்கிக்கொள்ளலாம் என்று இந்த முறை விதைநெல் எடுத்து வைக்கவில்லையாம். மொத்தமும் இதே மில்லுக்குத்தான் வந்திருக்கிறது. களத்தில் பத்துப் பேர் நெல்லோடு கலந்து, அவிந்து, ஆவி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாகவே நடந்து வெளியே வந்தோம்.

திரும்ப ஆரணி பஸ் நிலையம். ஏழுமலை எனக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றார்.

“மிஷின்ல ஒண்ணும் தெரியாதுங்களா?”

அவித்ததிலும் கொஞ்சம் தெரியலாம், ஆனால் பூவைப் பார்க்க முடியாது, எனக்கு வேண்டியது பூ என்றேன். தலையாட்டினார்.

“அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். ராவெல்லாம் ஒக்காந்து உரிச்சான்.”

அவித்தது முளைக்காது என்று தெரிந்தும், ஊர் திரும்பியதும் ஒரு ஜோடியை ஈரத்தாளில் வைத்தேன். நான்காம் நாள் நாற்றமெடுத்தது. மற்றவற்றைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏழுமலை போன் செய்கிறார். தூர் தூராகப் பிரித்துப் பார்த்தும் அப்படி ஒரு கதிர் பிறகு வரவேயில்லையாம். செல்வம் மட்டும் விடாமல் கேட்கிறாராம், மிஷின் என்ன சொன்னது என்று.

“மேடம் இன்னும் பாத்துகினுதான் இருக்காங்கன்னு சொல்லிட்டேங்க” என்கிறார்.

அது பொய் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.