சாணி மெழுகிய சுளகு

தக்கலையிலிருந்து புதுக்கடைக்குப் போகும் சாலையோரம், பழைய தேங்காய்க் கிடங்கு ஒன்றில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பஸ் கண்டக்டர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: பூப்பல் கம்பெனி. பூப்பல் என்றால் எங்கள் பக்கத்தில் பூஞ்சணம். "பூப்பல் எறங்கு, பூப்பல்!" என்று அவர்கள் கூவும்போது, இறங்குகிறவனின் முகத்தை பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

பெயரில் தவறில்லை. ஊறுகாய்ப் பரணியில் கண்டால் வழித்து எறிகிற பொருளை நாங்கள் கவனமாக வளர்த்தோம். தவிட்டை ஆவியில் அவித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு குப்பியிலிருந்து மஞ்சள்பச்சைத் தூளை அதன்மேல் தூவுவோம். அது பூஞ்சையின் வித்து. விரல் கனத்துக்குப் பலகைத் தட்டுகளில் பரப்பி ஈரத்துணியால் மூடினால், இரண்டு நாளில் தவிடு முழுக்க வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிடும். தவிட்டிலிருக்கும் மாவுச்சத்தைக் கரைத்து உண்பதற்காக அந்தப் பஞ்சு ஒரு நொதியைச் சுரக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்த நொதி. தவிட்டை உலர்த்தி, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து வடித்தால் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு நீர் இறங்கும். கஞ்சி போட்டு நெய்த துணியை அதில் முக்கினால் கஞ்சி கரைந்து போகும்.

இதை ஆரம்பித்தவர் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தவர். வேலைக்கு ஒரு வருஷம் விடுப்புப் போட்டிருந்தார். நாங்கள் அவரை சார் என்றோம். வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. தவிடு அவிக்கவும் பரப்பவும் இரண்டு பெண்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். மற்றவள் புதுக்கடையிலிருந்து வருகிறவள், முப்பது வயதிருக்கும். நான் அக்கா என்பேன். அதற்கு முன்பு எட்டு வருஷம் அண்டியாபீசில் இருந்தவள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்நுனிகளில் தோல் உரிந்து கறுத்திருந்தது. எங்களிடம் வந்து ஆறு மாதத்தில் புதுத்தோல் வந்துவிட்டது. சாப்பிடும் முன்பு அந்த விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

பூஞ்சை வளரும்போது தானாகவே சூடேறும். சூடு மிஞ்சினால் கருகிவிடும். அக்கா புறங்கையைத் தட்டின்மேல் வைத்துப் பார்த்து, "சாரே, நாலாம் தட்டுக்குப் பனியடிக்கு, ஜன்னலத் தொறக்கணும்" என்பாள். பனி என்றால் காய்ச்சல். நான் வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவள் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை.

சரக்கு நன்றாக வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் வடசேரியில் துணி வெளுக்கும் கூடம் வைத்திருந்த ஒரு முதலாளி சம்மதித்தார். அவர் கூடத்தில் கோடித் துணியை மூன்று நாள் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துக் கஞ்சியைப் போக்குவார்கள்.

"தெருவுல ஒருத்தனும் மூக்கைத் தொறக்க மாட்டாம்வே" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை துணியோட வாரேன். ஒரு மணி நேரத்துல கஞ்சி போனா உம்ம தண்ணி. போகலேன்னா அன்னைக்கே பம்பாய் மருந்துக்குக் கடுதாசி."

சார் அன்று மாலையே எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். இது நடக்காவிட்டால் ஜூன் மாதம் அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவார், கிடங்கைப் பூட்டிவிடுவார். அக்கா கையை விரித்து விரல்களைப் பார்த்தாள்.

ஓர் அண்டாத் துணிக்கு எங்களிடம் இருந்த ஆறு பலகைத் தட்டு போதாது. இன்னும் அவ்வளவு தவிடு வளர்த்தாக வேண்டும். தட்டுக்குப் பதிலாக அரிசி புடைக்கும் சுளகு, அதாவது முறம், போதும் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு புதுச் சுளகு வாங்கிவரும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை சந்தையில் நல்ல மூங்கில் சுளகுகளாகத் தட்டிப் பார்த்து வாங்கினாள். செவ்வாய்க்கிழமை காலையில் பெண்கள் இருவரும் தட்டுகளிலும் சுளகுகளிலுமாகத் தவிட்டைப் பரப்பினார்கள்.

வியாழக்கிழமை காலையில் அறையைத் திறந்ததும் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். பூஞ்சை நன்றாக வந்தால் அவித்த பனங்கிழங்கு மணம் அடிக்கும். அன்று அடித்தது தொழுவத்து நெடி. ஆறு தட்டும் பஞ்சாய் வெளுத்திருந்தன. பன்னிரண்டு சுளகிலும் தவிடு கொழகொழவென்று நூல் விட்டது.

சார் ஒரு சுளகைக் கவிழ்த்துத் தவிட்டைக் கொட்டினார். உள்பக்கம் மூங்கிலே தெரியவில்லை. வழவழப்பாக ஏதோ பூசியிருந்தது.

"இது என்னது?"

"சாணி மெழுகினது, சாரே" என்றாள் அக்கா.

"சாணியா? எதுக்கு?"

எதற்குக் குளிக்கிறாய் என்று கேட்ட மனிதனைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். "புதுச் சொளவுல்லா? மெழுகாம யாரும் எடுப்பாளா? ஓட்டை அடைய வெந்தயமும் அரைச்சுச் சேத்தேன். ரெண்டு வெயிலு காய வச்சேன்."

"எங்க வீட்டுல கொஞ்சம் மஞ்சளும் போடுவோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஏட்டி, நீ சும்மா கெட!" என்று அவளை அடக்கினாள் அக்கா.

சார் வாசற்படியில் உட்கார்ந்தார். சாணியில் இருக்கும் கிருமிகளுக்கு அவித்த தவிடு விருந்து என்பதை விளக்கினார். அவர் குரலில் கோபமில்லை. "ஆறு மாசமா கையைக் கழுவு, கையைக் கழுவுன்னு சொன்னேன். சொளவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா? எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்பம் நான் அண்டியாபீசுக்குப் போணும். இல்லியா சாரே?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். புதிதாக வளர்க்க நேரமில்லை. ஆறு தட்டுத் தவிட்டில் பாதி வீரியமுள்ள நீர்தான் கிடைக்கும். அதுவும் கஞ்சியைக் கரைக்கும், ஆனால் நேரம் இரண்டு பங்கு ஆகும். அதுவரை நீர் சூடு ஆறாமலும் இருக்க வேண்டும், கொதித்துவிடவும் கூடாது. ஆறினால் நொதி மந்தமாகிவிடும், கொதித்தால் செத்துவிடும். விறகடுப்பில் அப்படி நிறுத்த முடியாது என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

அக்கா குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். அதில் எண்கள் மட்டும்தான் இருந்தன.

"அடுப்பு எதுக்கு? அண்டாவை உமிக்குள்ள எறக்கி வச்சா சூடு எங்க போவும்?"

நெல் குத்தும் மில் நூறு அடி தள்ளி இருந்தது. அங்கே உமி மலையாகக் கிடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு சாக்கு உமி கிடங்கின் மூலைக்கு வந்துவிட்டது. சுமந்தவர்களில் சாரும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி துணிக்கட்டோடு வந்து இறங்கினார். சூடான நொதிநீர் ஊற்றிய அண்டாவைக் கழுத்துவரை உமியில் புதைத்து, வாயைச் சாக்கால் மூடியிருந்தோம்.

"என்னவே இது, முட்டை அடைகாக்கா?"

"ஆமா மொதலாளி" என்றாள் அக்கா. "குஞ்சு பொரிச்சா நீங்கதான் தூக்கிட்டுப் போணும்."

அவர் சிரித்துவிட்டார். துணியை அண்டாவுக்குள் முக்கி மறுபடி மூடினோம். ஒரு மணி நேரம் போனதும் கடிகாரத்தை எடுத்தார். சார் நடந்ததைச் சொல்லி, இன்னும் ஒன்றரை மணி நேரம் கேட்டார். சாணிக் கதையைக் கேட்ட முதலாளிக்கு ஆச்சரியம் சாரைப் பற்றித்தான். "மெழுகாத சொளவை எவன்வே வீட்டுக்குள்ள ஏத்துவான்? அந்தப் பிள்ளை செஞ்சது சரிதான். நீருதான் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் மீன் சாப்பிடாதவர் என்பதால், அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் வைத்தோம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். நான் அரைமணிக்கொரு தரம் சாக்கை விலக்கி வெப்பமானியை விட்டேன். மொத்தத்தில் மூன்று டிகிரிதான் இறங்கியிருந்தது.

பன்னிரண்டரைக்குத் துணியை எடுத்து அலசிக் கொடியில் போட்டோம். காய்ந்ததும் சார் அயோடின் குப்பியைத் திறந்தார். கஞ்சி இருந்தால் நீலமாகும் என்று சொன்னார்.

"உம்ம குப்பி உமக்கு" என்று முதலாளி அதை ஒதுக்கிவிட்டார். விரலைத் தண்ணீரில் முக்கி, துணியின்மேல் ஒரு சொட்டு விட்டார். கஞ்சித் துணியில் அந்தச் சொட்டு சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். இது விழுந்ததும் மறைந்தது. நடுவில் விட்டார், மறைந்தது. பிறகு கஞ்சி தடித்து நிற்கும் கரையோரத்தில் விட்டார். சொட்டு நின்றது. அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரிகூட வாயைத் திறக்கவில்லை. நான் நாலு எண்ணியிருப்பேன். சொட்டு மெல்லப் பரந்து துணிக்குள் இறங்கியது.

"பம்பாய்க்கு எழுதல்ல" என்றார் முதலாளி. "வாரம் ரெண்டு அண்டாவுக்குத் தண்ணி தாரும்." வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "கூட உமியும் அனுப்பும்வே."

முழு வீரியமுள்ள நீருக்கு உமி தேவையில்லை என்று சார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை. பிற்பாடு நான் பத்திரிகை வேலைக்குப் போய், வெளுப்புக் கூடங்களைப் பற்றி எழுத வடசேரிக்குச் சென்றபோதும் அந்த அண்டா உமிக்குள்தான் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா இன்னொரு பன்னிரண்டு சுளகு வாங்கிவந்தாள். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். பழைய பன்னிரண்டில் பதினொன்றை அடுப்பெரிக்கப் போட்டாள். ஒன்றை மட்டும் நன்றாகக் கழுவி, புதிதாகச் சாணி மெழுகி, கிடங்குக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டாள்.

"அது எதுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"பூப்பலுக்கு மெழுகாத சொளவு போதும் மக்கா" என்றாள். "நமக்கு அரிசி பொடைக்கண்டாமா?"